வாடகை பாக்கி வைத்த நான்கு பேர்

அறுபதுகளில் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் வந்த மங்கீஸ் குழுவைப் பற்றிப் பேச்சை எடுத்தாலே எதிரில் இருப்பவர் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "அவங்க நிஜமான பேண்டா, இல்ல டிவிக்காகச் சேர்த்த கூட்டமா?" டீ ஆறுவதற்குள் பதில் சொல்லிவிடலாம் போலத்தான் தோன்றும். முடியாது. 1965இலிருந்து தொடங்கினால்தான் அந்தக் கேள்விக்கு நியாயம் செய்ய முடியும். அதனால் நிதானமாகவே போவோம்.

பாப் ராஃபெல்சன், பெர்ட் ஷ்னைடர் என்று ஹாலிவுட்டில் இரண்டு பேர். ஷ்னைடரின் அப்பா கொலம்பியா பிக்சர்ஸ் நிறுவனத்தின் உச்சியில் இருந்தவர். ராஃபெல்சன் சின்ன வயதில் மெக்சிகோவில் நாடோடிப் பாடகர்களோடு சுற்றித் திரிந்தவர். கையில் காசில்லாத பாட்டுக்காரப் பையன்களை வைத்து ஒரு நகைச்சுவைத் தொடர் செய்ய வேண்டும் என்ற ஆசை அவருக்கு வெகுநாளாக இருந்தது. அப்போது யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1964இல் பீட்டில்ஸ் நடித்து ரிச்சர்ட் லெஸ்டர் இயக்கிய 'எ ஹார்ட் டேஸ் நைட்' வந்து ஓடியதும் கதவு திறந்தது. கொலம்பியாவின் தொலைக்காட்சிப் பிரிவான ஸ்கிரீன் ஜெம்ஸ் ஒப்புக்கொண்டது.

1965 செப்டம்பரில் வெரைட்டி, ஹாலிவுட் ரிப்போர்ட்டர் ஆகிய சினிமாத் தொழில் பத்திரிகைகளில் விளம்பரம் வந்தது. 17 முதல் 21 வயதுக்குள், பாடவும் வாசிக்கவும் தெரிந்த, கிறுக்குத்தனம் உள்ள நான்கு பையன்கள் தேவை. வேலை நடிப்பு. ஒளிவுமறைவு இல்லாத விளம்பரம் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். 437 பேர் வந்தார்கள். பின்னாளில் கொலை வழக்கில் உலகமே அறிந்த சார்லஸ் மேன்சனும் அந்தத் தேர்வுக்கு வந்தார் என்று ஒரு கதை இன்றும் உலவுகிறது. அது பொய். அந்த நேரத்தில் அவர் சிறையில் இருந்தார்.

நால்வரும் நான்கு திசையிலிருந்து வந்தவர்கள். டேவி ஜோன்ஸ் மான்செஸ்டர்க்காரர். 'ஆலிவர்' இசை நாடகத்தில் நடித்து நியூயார்க் பிராட்வே மேடை வரை வந்தவர். மிக்கி டோலென்ஸ் 1950களிலேயே 'சர்க்கஸ் பாய்' என்ற தொலைக்காட்சித் தொடரில் குழந்தை நட்சத்திரம். மைக்கேல் நெஸ்மித் டெக்சாஸிலிருந்து வந்த பாடலாசிரியர். மோட்டார் சைக்கிளில் போகும்போது முடி கண்ணில் விழாமலிருக்க மாட்டிய கம்பளித் தொப்பியோடு தேர்வுக்கு வந்தார், அந்தத் தொப்பியே அவருடைய அடையாளமாகிவிட்டது. டைப் அடிப்பவர்கள் பிழை திருத்தப் பயன்படுத்திய லிக்விட் பேப்பர் என்ற வெள்ளைத் திரவத்தைக் கண்டுபிடித்தது அவருடைய அம்மாதான். நாலாவது ஆள் பீட்டர் டோர்க், நியூயார்க் கிரீனிச் வில்லேஜ் காபிக் கடைகளில் பாஞ்சோ வாசித்துப் பிழைத்தவர். அவரைப் பரிந்துரைத்தவர் ஸ்டீஃபன் ஸ்டில்ஸ். அதே தேர்வுக்கு வந்து வாய்ப்புக் கிடைக்காமல் போனவர். பிறகு தானே பெரிய ராக் கலைஞர் ஆனார்.

1966 செப்டம்பர் 12, திங்கட்கிழமை மாலை ஏழரை மணிக்கு என்பிசி அலைவரிசையில் முதல் எபிசோட் வந்தது. 1968 மார்ச் 25 வரை மொத்தம் 58 எபிசோடுகள்.

இந்தத் தொடரின் உயிர் எங்கே இருக்கிறது என்று கேட்டால், ஒரே ஒரு முடிவில் இருக்கிறது என்பேன். லெஸ்டரின் படத்தில் பீட்டில்ஸ் ஏற்கெனவே ஜெயித்தவர்கள். அவர்களைத் துரத்திக்கொண்டு ஊரே ஓடுகிறது. புகழிலிருந்து எப்படித் தப்பிப்பது என்பதுதான் அவர்கள் கவலை. மங்கீஸ் தொடரில் அந்த நால்வரை யாரும் துரத்துவதில்லை, வீட்டு முதலாளி பாபிட்டைத் தவிர. வாடகை எப்போதும் பாக்கி. கச்சேரி கிடைத்தால் பணம் வராது, பணம் வரும்போல இருந்தால் கச்சேரி கையைவிட்டுப் போகும். மலிபு கடற்கரை வீடு ஒன்றில் நாலு பேரும் ஒன்றாக இருக்கிறார்கள். அப்பா, அம்மா, மாமா, வாத்தியார் என்று பெரியவர் ஒருவர் கூட வீட்டில் கிடையாது. அன்றைய அமெரிக்கக் குடும்பத் தொடர்களில் இப்படி ஒரு வீடு அபூர்வம். புத்தி சொல்ல இருக்கும் ஒரே 'பெரியவர்' ஒரு பொம்மை. கயிற்றை இழுத்தால் ஏதாவது பொன்மொழி உதிர்க்கும். அதற்கு மிஸ்டர் ஷ்னைடர் என்று தயாரிப்பாளரின் பெயரையே வைத்தார்கள்.

கதைக்குள் இந்தக் குழு கடைசிவரை நிலையாக முன்னுக்கு வரவே வராது. அதை எழுத்தாளர்கள் ஒரு விரதம் போலக் காத்தார்கள். 1967 ஜனவரியில் வந்த 'ஃபைண்ட் தி மங்கீஸ்' என்ற எபிசோடைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். ஹப்பல் பென்சன் என்று ஒரு தொலைக்காட்சித் தயாரிப்பாளர். புதுக் குழு ஒன்று தேவை என்று ஊரில் உள்ள எல்லாக் குழுக்களையும் அழைக்கிறார். இவர்களுக்கு மட்டும் அழைப்பில்லை. அதே நேரத்தில் இவர்கள் ஒரு டேப் ரெக்கார்டரில் மறந்து விட்டுவந்த பாட்டு சுற்றிச் சுற்றி அவர் கைக்குப் போய்ச் சேர்கிறது. கேட்டவுடன் சொக்கிப்போகிறார். பாடியவர்கள் யார் என்று தெரியாமல் ஊர் முழுக்கத் தேடச் சொல்கிறார். இவர்களோ அவரை எப்படியாவது பார்த்துவிட வேண்டும் என்று விதவிதமாக வேஷம் கட்டிக்கொண்டு அவருடைய ஆபீஸுக்குப் போகிறார்கள். தான் தேடுகிற ஆட்களைத் தன் கையாலேயே வெளியே தள்ளுகிறார் பென்சன். கடைசியில் வாய்ப்பு அவருடைய ஆபீஸிலேயே வேலை பார்க்கும் செக்ரட்டரி அம்மாவுக்குப் போகிறது. அவருக்கும் பாட வருமாம்.

சிரித்துவிட்டுக் கொஞ்சம் யோசித்தால் இதன் கூர்மை தெரியும். திறமை வாசலில் நிற்கும்போது கண்ணுக்குத் தெரியாது, டேப்பில் வந்தால்தான் தெரியும் என்கிற ஒரு தொழிலைப் பற்றிய கதை இது. பாட்டுக்காகப் படியேறி இறங்கிய எவருக்கும் இந்த ஆபீஸ் பழகிய இடம்தான்.

குறையும் சொல்லியாக வேண்டும். இவர்களுடைய வறுமை மெத்தென்ற வறுமை. வாடகை கொடுக்க வழியில்லாதவர்கள் ஓட்டுவது டீன் ஜெஃப்ரிஸ் வடிவமைத்த, போன்டியாக் ஜிடிஓவை நீட்டி மாற்றிய, கண்ணைப் பறிக்கும் கார். பசி இந்தத் தொடருக்குள் வருவதே இல்லை. பெண்கள் பெரும்பாலும் டேவி காதலிப்பதற்காக மட்டும் வருகிறார்கள். அவர் கண்ணில் நட்சத்திரம் மின்னும், எபிசோட் முடிந்ததும் அந்தப் பெண்ணை மறந்துவிடுவார்கள். 'மங்கீஸ் சௌ மெயின்' போன்ற எபிசோடில் சீனர்களைக் காட்டியிருக்கும் விதம் இன்று பார்க்க வலிக்கிறது. அந்தக் காலம் அப்படி என்று சொல்லித் தாண்டிப்போக எனக்கு மனமில்லை.

சரி, எப்படி எடுத்தார்கள்? இங்கேதான் இந்தத் தொடரின் நிஜமான துணிச்சல் இருக்கிறது. படப்பிடிப்பு தொடங்கும் முன்பே இயக்குநர் ஜேம்ஸ் ஃப்ராலி நால்வருக்கும் வாரக்கணக்கில் பயிற்சி கொடுத்தார். வசனத்தை மனப்பாடம் செய்யும் பயிற்சி அது கிடையாது. எழுதியதிலிருந்து விலகி அந்த நிமிடத்தில் தோன்றுவதைச் செய்யும் பயிற்சி. அதனால் காட்சி நடுவே கேமராவைப் பார்த்துப் பேசுகிறார்கள். கதை சலித்தால் செட்டை விட்டு வெளியே போய்விடுகிறார்கள். திரையில் திடீரென்று எழுத்து வந்து கதாபாத்திரத்தைக் கிண்டல் செய்யும். சம்பந்தமில்லாத பழைய படத் துண்டு ஒன்று குறுக்கே ஓடும். எபிசோடுக்கு எபிசோட் பாட்டு வரும்போது கதை நின்று, நாலு பேரும் கடற்கரையிலோ தெருவிலோ ஓடிப் பிடித்து விளையாடுவார்கள்; வெட்டி வெட்டி ஒட்டிய அந்தப் படத்துண்டுகளைப் பார்த்தால் பதினைந்து ஆண்டு கழித்து எம்டிவியில் வந்த இசை வீடியோக்களின் தாத்தா இவை என்று புரியும். இது வெறும் ஒப்புமை மட்டும் இல்லை. எம்டிவி தொடங்கும் முன்பே 'பாப்கிளிப்ஸ்' என்று பாட்டு வீடியோக்களுக்கென ஒரு நிகழ்ச்சியை உருவாக்கியவர் நம் கம்பளித் தொப்பி நெஸ்மித்தான். 1986இல் எம்டிவி பழைய எபிசோடுகளை வரிசையாக ஒளிபரப்பியபோது அடுத்த தலைமுறை ஒன்று ரசிகர்களாகச் சேர்ந்தது.

1967இல் சிறந்த நகைச்சுவைத் தொடருக்கான எம்மி விருது மங்கீஸுக்குக் கிடைத்தது. போட்டியில் 'பிவிட்ச்ட்', 'கெட் ஸ்மார்ட்', 'ஹோகன்ஸ் ஹீரோஸ்' எல்லாம் இருந்தன. ஃப்ராலிக்கும் இயக்கத்துக்கான எம்மி. சிறுபிள்ளைகளுக்கான கூத்து என்று இதை ஒதுக்குபவர்களிடம் நான் சொல்வது இதைத்தான்: அந்தத் தொழிலில் இருந்தவர்களுக்கே அன்று இதன் தரம் தெரிந்திருந்தது.

நையாண்டிக்கு ஒரு உதாரணம் போதும். மூன்றாவது எபிசோட், 'மங்கீ வெர்சஸ் மெஷின்'. பொம்மைக் கம்பெனி ஒன்றில் வேலைக்கு விண்ணப்பிக்கப் போகிறார் பீட்டர். நேர்காணல் எடுப்பது மனிதர் இல்லை, கம்ப்யூட்டர். வெகுளியான பீட்டரும் அந்த இயந்திரமும் ஒருவர் சொல்வது ஒருவருக்குப் புரியாமல் மாட்டிக்கொள்கிறார்கள். பிறகு மைக் நெஸ்மித் போய் வேலையில் சேர்கிறார். அங்கே கையால் பொம்மை செய்து வயதான ஒருவரை, இயந்திரம் வந்துவிட்டது என்று அனுப்பப் பார்க்கிறார்கள். அவர் வேலையைக் காப்பாற்றுவதுதான் கதை. விண்ணப்பத்தை மென்பொருள் படித்துத் தள்ளிவிடும் இந்த நாளில் அந்த எபிசோடைப் பாருங்கள். 1966இல் எடுத்தது என்பதையே மறந்துவிடுவீர்கள்.

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். நிஜமான பேண்டா?

தொடருக்குப் பாட்டு வேண்டும். அதற்கு டான் கிர்ஷ்னர் என்ற இசைப் பதிப்பாளரைப் பொறுப்பாகப் போட்டார்கள். எந்தப் பாட்டு ஓடும் என்று மோப்பம் பிடிப்பதில் மன்னர். டாமி பாய்ஸ், பாபி ஹார்ட் இருவரும் 'லாஸ்ட் டிரெயின் டு கிளார்க்ஸ்வில்' எழுதினார்கள். நீல் டைமண்ட் 'ஐ ஆம் எ பிலீவர்' கொடுத்தார். அது ஏழு வாரம் முதலிடத்தில் இருந்தது. வாசித்தது பெரும்பாலும் ஸ்டுடியோவுக்கு வரும் கூலிக்கலைஞர்கள். இந்த நால்வருக்குப் பெரும்பாலும் பாடும் வேலைதான். கிட்டார் எடுத்துக்கொண்டு ஆவலாகப் போன பீட்டருக்கு, வாசிப்பு எல்லாம் ஏற்கெனவே முடிந்துவிட்டது என்ற செய்திதான் காத்திருந்தது. முதல் ஆல்பம் 13 வாரம், இரண்டாவது ஆல்பம் 18 வாரம் முதலிடம். அந்த இரண்டாவது ஆல்பம் வெளிவந்ததே நால்வருக்கும் தெரியாது. கச்சேரிக்குப் போன ஊரில் கடையில் பார்த்து வாங்கினார்கள்.

1967 தொடக்கத்தில் நெஸ்மித் பத்திரிகையாளர்களிடம் உண்மையைப் போட்டு உடைத்தார்: ரெக்கார்டில் வாசிப்பது நாங்கள் இல்லை. அமெரிக்கப் பத்திரிகைகள் பாய்ந்தன. போலிக் குழு, தொழிற்சாலைச் சரக்கு என்று பட்டம் கட்டினார்கள். அந்தப் பட்டம் அரை நூற்றாண்டு தாண்டியும் அவர்களை விடவில்லை.

நமக்கு இந்தக் கோபம் சட்டென்று புரியாது. திரையில் ஒருவர் வாயசைக்க இன்னொருவர் பாடுவது நமக்குப் பாலில் கலந்த சர்க்கரை மாதிரி. யாரும் அதை ஏமாற்று என்று சொன்னதில்லை. காரணம், பாடியவர் பெயரும் இசையமைத்தவர் பெயரும் ரெக்கார்டின் மேலேயே இருக்கும். மங்கீஸ் விஷயத்தில் தப்பு நடந்த இடம் அதுதான் என்பது என் கருத்து. நடிக்க ஆள் தேவை என்று விளம்பரம் கொடுத்து நடிகர்களை எடுத்தார்கள், அதில் பொய் இல்லை. ஆல்பத்தில் வாசித்தவர்களின் பெயரை மறைத்தது பொய். அந்த மறைப்பு முழுக்க கம்பெனியின் வேலை. அடி வாங்கியவர்கள் அந்தப் பையன்கள்.

அதுவும் அந்தக் காலத்தில் இவர்கள் மட்டும் இப்படி இல்லை. பேர்ட்ஸ் குழுவின் புகழ்பெற்ற 'மிஸ்டர் டாம்பரின் மேன்' பாட்டில் வாசித்த அந்தக் குழுக்காரர் ரோஜர் மெக்வின் ஒருவர்தான். மற்றதெல்லாம் ஸ்டுடியோ கலைஞர்கள். பீச் பாய்ஸ் 'பெட் சவுண்ட்ஸ்' ஆல்பத்திலும் அதே கலைஞர்கள்தான் பெரும்பாலும் வாசித்தார்கள். அவர்களை யாரும் போலி என்று சொல்லவில்லை. உண்மையைச் சொன்னவர்களுக்குத்தான் தண்டனை.

அதன் பிறகு நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த கட்டம். பெவர்லி ஹில்ஸ் ஹோட்டலில் கிர்ஷ்னரோடு பேச்சுவார்த்தை. நாங்களே வாசிக்க வேண்டும் என்கிறார்கள். ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள் என்று பதில் வருகிறது. நெஸ்மித் சுவரில் ஓங்கிக் குத்துகிறார், சுவர் ஓட்டையாகிறது. பிப்ரவரியில் கிர்ஷ்னர் வெளியேற்றப்பட்டார். உடனே ஸ்டுடியோவுக்குள் போய்த் தாங்களே வாசித்து 'ஹெட்குவார்ட்டர்ஸ்' என்ற ஆல்பத்தைச் செய்தார்கள். தொடருக்காகத்தான் டிரம்ஸ் கற்கத் தொடங்கியவர் மிக்கி. அங்கங்கே தாளம் தள்ளாடுவது காதில் விழும். அந்தத் தள்ளாட்டத்தையும் சேர்த்தே எனக்கு அந்த ஆல்பம் பிடிக்கும். 1967 ஜூனில் ஒரு வாரம் முதலிடத்தில் இருந்தது. அடுத்த வாரம் பீட்டில்ஸின் 'சார்ஜென்ட் பெப்பர்' வந்து அதைக் கீழே இறக்கியது. அதன் பிறகும் 11 வாரம் இரண்டாம் இடத்தை விடவில்லை.

கிர்ஷ்னர் அடுத்து என்ன செய்தார் தெரியுமா? ஆர்ச்சீஸ் என்ற கார்ட்டூன் குழுவுக்குப் பாட்டு ஏற்பாடு செய்தார். 1969இல் 'சுகர் சுகர்' உலகெங்கும் ஓடியது. வரைந்த பையன்கள் யாரும் நாங்களே வாசிக்கிறோம் என்று கேட்க மாட்டார்களே.

இந்தப் போராட்டம் தொடருக்குள்ளும் கசிந்தது. 1968 பிப்ரவரியில் வந்த 'தி டெவில் அண்ட் பீட்டர் டோர்க்' எபிசோடைப் பாருங்கள். அடகுக் கடை ஒன்றில் ஒரு ஹார்ப் வாத்தியத்தைப் பார்த்து மயங்குகிறார் பீட்டர். காசில்லை. கடைக்காரர் ஜீரோ ஒரு கையெழுத்து மட்டும் கேட்கிறார். அந்த ஜீரோதான் சாத்தான். கையெழுத்துப் போட்டதும் பீட்டருக்கு வாசிக்க வந்துவிடுகிறது, குழுவுக்குப் பேரும் வருகிறது. பிறகு உயிரைக் கேட்டு வருகிறார் ஜீரோ. விசாரணை நடக்கிறது. மைக் வாதாடுகிறார்: வாசிப்பை நீ கொடுக்கவில்லை, அது இவனுக்குள்ளேயே இருந்தது, இவன் இசையை நேசிக்கிறான். ஜீரோ தான் கொடுத்த சக்தியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறார். பீட்டர் ஹார்ப் முன்னால் உட்கார்ந்து, கையை வைத்து, வாசித்துவிடுகிறார்.

கிர்ஷ்னர் போய் ஒரு வருடம் ஆன நேரம் அது. ஒப்பந்தம், கையெழுத்து, வாசிக்கும் உரிமை என்று எல்லாம் அந்தக் கதைக்குள் இருக்கிறது. இன்னொன்றும் இருக்கிறது. நரகம் என்பதற்கான ஆங்கிலச் சொல்லை உச்சரிக்க அலைவரிசை அனுமதிக்கவில்லை. அவர்கள் வேறு சொல்லைத் தேடிப் போகவில்லை. அந்த இடத்தில் ஒரு ஒலியைப் போட்டு மறைத்துவிட்டு, நரகத்தைவிடப் பயங்கரம் அதைத் தொலைக்காட்சியில் சொல்ல முடியாததுதான் என்று மிக்கியை வைத்தே சொல்லவிட்டார்கள்.

எபிசோட் நேரம் ஒரு நிமிடம் குறைந்தால் நால்வரிடமும் பேட்டி எடுத்துக் கடைசியில் சேர்ப்பது வழக்கம். அப்படி ஒன்றில் லாஸ் ஏஞ்சலஸ் சன்செட் ஸ்டிரிப் தெருவில் ஊரடங்கை எதிர்த்து இளைஞர்கள் திரண்டதைப் பற்றிப் பேச்சு வருகிறது. கலவரம் என்கிறார் பேட்டி எடுப்பவர். அது ஆர்ப்பாட்டம் என்று திருத்துகிறார்கள். கெலாக்ஸ் விளம்பரத்தோடு வரும் குடும்ப நிகழ்ச்சியில் இது நடந்தது.

கடைசி எபிசோடை மிக்கியே இயக்கினார். தொலைக்காட்சிப் பெட்டி வழியாக ஊரையே மயக்கி வைக்கும் ஒருவனை நால்வரும் தடுப்பதுதான் கதை. தங்களுக்குச் சோறு போட்ட பெட்டியையே கதையில் வில்லனாக்கினார்கள். முடிவில் வேடிக்கை எல்லாம் நின்று, பாடகர் டிம் பக்லி ஒற்றைக் கிட்டாரோடு ஒரு பாட்டுப் பாடுகிறார். அத்தோடு தொடர் முடிந்தது. தொடரின் அமைப்பையே மாற்ற நால்வரும் கேட்டார்கள், என்பிசி மறுத்துவிட்டது.

அதே 1968இல் ராஃபெல்சன் இவர்களை வைத்து 'ஹெட்' என்ற படம் எடுத்தார். திரைக்கதையை அவரோடு சேர்ந்து எழுதியவர் அன்று அதிகம் அறியப்படாத ஜாக் நிகல்சன். ஒரு தலைமுடி விளம்பரத்துக்காக நால்வரும் பொடுகாக நடிக்கும் காட்சி அதில் உண்டு. படம் படுதோல்வி. ஆனால் மங்கீஸ் சம்பாதித்துக் கொடுத்த பணம் ராஃபெல்சன், ஷ்னைடர் கையில் இருந்தது. அதிலிருந்துதான் 'ஈஸி ரைடர்' வந்தது, சுமார் 4 லட்சம் டாலர் செலவில். தொடர்ந்து 'ஃபைவ் ஈஸி பீசஸ்', 'தி லாஸ்ட் பிக்சர் ஷோ', வியட்நாம் போரைப் பற்றிய 'ஹார்ட்ஸ் அண்ட் மைண்ட்ஸ்' ஆவணப்படம். எழுபதுகளின் புதிய அமெரிக்க சினிமாவைக் கொண்டாடுபவர்கள் அதற்கு விதைப்பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. முதல் எபிசோடிலிருந்து வரிசையாக உட்கார வேண்டாம், பாதியில் சலித்துவிடும். 'மங்கீ வெர்சஸ் மெஷின்' பாருங்கள். பிறகு 'ஃபைண்ட் தி மங்கீஸ்', பேட்டி வரும் வரை எழுந்துவிடாதீர்கள். அதன் பின் 'ஹெட்குவார்ட்டர்ஸ்' ஆல்பத்தை ஒருமுறை முழுதாகக் கேட்டுவிட்டு பீட்டரும் சாத்தானும் வரும் எபிசோடுக்குப் போங்கள். கடைசி எபிசோடைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த வரிசையில் பார்த்த பிறகும் நிஜமான பேண்டா என்ற கேள்வி உங்களிடம் மிச்சமிருந்தால் வந்து சொல்லுங்கள், இன்னொரு டீ சொல்லிவிட்டுப் பேசுவோம்.